சாந்தியின் சுண்டுவிரல்

என் மனைவி சாந்தியின் கால் சுண்டுவிரல் முறிந்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், "முறியவில்லை" என்று சொன்னவன் நான்!

சண்டைக்காலம். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அந்நாட்களில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது: கதவு தட்டப்பட்டால் பெண்கள்தான் திறப்பார்கள். ஆண் திறந்தால் ஆமி, அதுதான் இராணுவம், ஆளையே கொண்டுபோய்விடும் என்ற பயம். அந்த வழக்கத்தை என்னைப்போல் பக்தியோடு கடைப்பிடித்தவன் வேறெவனும் இல்லை...

அன்று மாலை கரண்ட் இல்லை. கதவு தடதடத்தது. "ஆமிதான்! நீர் போய்த் திறவும்" என்று சாந்தியை அனுப்பிவிட்டு நான் குளியலறைக்குள் நுழைந்தேன். இருட்டில் ஓடியவள் காஸ் சிலிண்டரில் காலை அடித்துக்கொண்டாள். அவள் போட்ட கூச்சலில் வெளியே நின்றவரும் கத்திவிட்டார். கீழ்வீட்டு மேரி அக்கா! கறிவேப்பிலை கேட்டு வந்திருந்தார்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் விரலைப் பார்த்தேன். வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில், மற்ற விரல்களோடு கோபித்துக்கொண்டதுபோல் வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. தொட்டதும் அலறினாள். முதலுதவி வகுப்பில் படித்தவன் நான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, உடைஞ்சு போச்சோ?"

"விசர்க்கதை கதையாதையும். உடைஞ்சா அசைக்க ஏலுமே? அசைச்சுப் பாரும்."

பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு அசைத்தாள்! முறிந்த விரலும் அசையும்... அதுவும் எனக்குத் தெரியும்.

"ஆசுப்பத்திரிக்குப் போவமே?"

"அங்க வரிசையில நிண்டு மற்றக் காலும் வீங்கும்."

உண்மை என்ன? வழியில் சோதனைச் சாவடிகள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். சாவடியைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரிந்த சிங்களமும் ஓடிவிடும். சரி, பயம் யாருக்குத்தான் இல்லை? "எனக்குப் பயமாய் இருக்கு" என்று சொல்லியிருந்தால் அவள் மேரி அக்காவோடு போயிருப்பாள். அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம்! என் மானத்தைக் காப்பாற்ற அவள் விரலைக் கொடுத்தேன்.

வைத்தியத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. காலைத் தலையணையில் உயர்த்தினேன். துணியில் சுற்றி ஐஸ் வைத்தேன். இடையில் பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினேன். ஆனால், கோணிய விரலை வைத்தியர் நிமிர்த்திய பிறகல்லவா கட்ட வேண்டும்? கோணலாகவே பொருந்திவிட்டது. இன்றும் மூடிய சப்பாத்து அவளுக்குச் சேராது.

கொடுமை அதுவல்ல. "என்ர மனிசன் வீட்டிலயே சுகப்படுத்திப் போட்டார்" என்று கலியாண வீடுகளில் காலை நீட்டிக் காட்டுவாள்! நான் பந்திக்கு முந்திவிடுவேன்.

போன மாதம் மேரி அக்கா கால்விரலை எங்கோ அடித்துக்கொண்டு நொண்டி வந்தார். "அசைக்க ஏலுமெண்டால் உடையேல்லை அக்கா" என்று சாந்தி என் பாடத்தையே ஒப்புவித்தாள். நான் பதறிவிட்டேன்.

"அசைஞ்சாலும் உடைஞ்சிருக்கும்! உடனே டொக்டரிட்டைப் போங்கோ."

மேரி அக்கா போனபின் சாந்தி என்னைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"எனக்கு ஏன் அப்பிடிச் சொல்லேல்லை?"

வாயைத் திறந்தேன்... நாக்கு ஒட்டிக்கொண்டது. சாவடி எதுவும் இல்லை. என் வீட்டு விறாந்தைதான்!

கடைசியில் அவளே சொன்னாள்: "ஓம், அப்ப சண்டைக்காலம்தானே." தேத்தண்ணீர் போட எழுந்து போனாள், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து.

நானும் "ஓம்" என்றேன்.