பிரிக்காத கம்பளி

ஜூன் பதினான்கு, இரவு 9.20, கட்டுநாயக்க விமான நிலையத்தில் அடைமழை. குவைத்திலிருக்கும் மகனைப் பார்க்க நான்காவது முறையாகப் பறந்தேன். பக்கத்து இருக்கையில், யட்டியாந்தோட்டையில் ரப்பர் பால் வெட்டிய பெண், வீட்டு வேலைக்குப் போகிறவர், நகமெல்லாம் பால்கறை. குளிரில் பற்கள் தந்தியடித்தும், விமானத்தில் கொடுத்த கம்பளியைப் பிரிக்காமல் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“போத்திக்கம்மா.”

“வேணாங்க ஐயா. தோட்டத்துல கம்பளியக் குடுத்துட்டு சம்பளத்துல புடிச்சாங்க. இங்கயும் புடிப்பாங்க. நீங்க போத்திக்கங்க.”

இலவசமென்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை, முழங்கால் குளிர்ந்தது. வாங்கி, என் கம்பளிக்குமேல் போர்த்திக்கொண்டேன். அவர் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஆறு மணி நேரமும் நடுங்கினார்.

குவைத்தில் இறங்கும்போது, “எவ்வளவு புடிச்சாங்க ஐயா?” என்று கேட்டார்.

“ஐநூறு ரூபா,” என்றேன்.

“நல்லவேளை, நான் தப்பிச்சேங்க,” என்று சிரித்தார்.

இரண்டு கம்பளிக்கும் விமானத்தில் என்னிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.