வெள்ளையாய் இருந்த ஊர்

அரியலூர் பஸ் ஸ்டாண்டு அருகே நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலம். திங்கட்கிழமை மாலைகளில் ஒரு சுகாதார ஆய்வாளர் வருவார். ஒல்லியான உடம்பு, சட்டைக் காலரில் சிமெண்ட் புழுதி. தன் துறையின் நோய்க் கணக்குப் பக்கத்தை இணையத்தில் திறந்து, வாரங்களை மாற்றி மாற்றி அழுத்துவார். வரைபடத்தில் ஊர்கள் மெல்ல நிறம் மாறும். மேகம் நகர்வதைப் பார்ப்பவர்போல அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தா.பழூர் பக்கம் ஓர் ஊரின்மேல் விரலை வைத்தார்.

"மூணு வாரமா இது வெள்ளையாவே இருக்குங்க."

"நோய் இல்லன்னா நல்லதுதானே சார்?"

"நோய் இல்லன்னா பச்சை வந்துரும். வெள்ளைன்னா யாரும் ஒண்ணும் எழுதி அனுப்பலன்னு அர்த்தம். போயிட்டு வரேன்."

தூறலிலேயே கிளம்பிவிட்டார். அங்கே குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தார்களாம். கணக்கு அனுப்பவேண்டிய நர்ஸும் அதே நோயில் படுத்திருந்தாராம். நல்லவேளை, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை நோய்க் கணக்கு பதிவாகி அந்த ஊர் சிவப்பாகியிருந்தது.

"இப்பதாங்க இந்த ஊரு கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

சிவப்பைப் பார்த்து அவ்வளவு நிம்மதியாகச் சிரித்த இன்னொரு மனிதரை நான் சந்தித்ததில்லை.