கம்பிப் பாலத்தில் மாப்பிள்ளை

இலங்கையில் மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு கணக்கு. கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் இல்லை, தோட்டத்துப் பிரிவுக்கு நாங்கள் சொல்லும் பெயர். மேல்கணக்கு, கீழ்கணக்கு, நடுவில் ஆறு. மழை பிடித்துக்கொண்டால் இரண்டும் இரண்டு தீவுதான். ரோட்டால் சுற்றிப் போவதற்குள் பொழுது போய்விடும்.

எழுபதுகளில் ஒரு வழியாகப் பாலம் வந்தது. மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைத் தொங்கவிட்டு இறக்கிய பழைய கம்பிகளை எடுத்து, கரைக்கொரு இரும்புத் தூண் நட்டு, தூண் உச்சியிலிருந்து சாய்வாக இழுத்துப் பலகைகளைத் தாங்கவைத்தார்கள். நடந்தால் ஆடும். முதுகில் கூடையோடு தினமும் போய்வருவேன். ஆட ஆட எனக்குக் கொண்டாட்டம்.

மேல்கணக்கில் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். நல்ல உயரம், நல்ல மீசை. அவர் அந்தப் பாலத்தில் கால்வைத்ததே இல்லை என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கல்யாணம் எங்கள் கரையில், பாலத்தையொட்டிய கோயிலில். முதல் நாள் மழையில் ரோட்டில் மண் சரிந்துவிட்டதால் பாலத்தை விட்டால் வழியில்லை. முகூர்த்தம் தவறினால் பழி என் தலையில்தான் விழும். ராசி சரியில்லை என்று ஏற்கெனவே ஒரு பெண்ணைத் தட்டிக்கழித்த வீடு அது. விடிந்ததிலிருந்து பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தப்பு மேளம் முழங்க மாப்பிள்ளை ஊர்வலம் பாலத்தில் ஏறியது. தப்புக்காரர் முன்னால் நடந்து எங்கள் கரையில் இறங்கிவிட்டார். பின்னால் வந்தவர்கள் கல்யாண அடிக்கு ஒன்றுபோலக் கால் போட்டார்கள். விடுமா பாலம்? தூளி போல ஆடியது. நடுப்பாலத்தில் மாப்பிள்ளை கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடிய மாத்துய்யா!" என்று என் மாமா கத்தினார்.

அந்தத் தப்புக்காரர்தான் மேல்கணக்கில் தினமும் காலையில் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, கூப்பிடுகிறவர். பதற்றத்தில் அவர் கைக்கு வந்தது அந்த அடிதான். கேட்டதும் பட்டுச் சேலையும் சீர்த்தட்டுமாக அத்தனை பேரும் திரும்பி, தங்கள் பெரட்டுக் களத்தைப் பார்த்து ஓடினார்கள். பிந்தினால் வேலை வாங்கும் கங்காணி பேர் போடமாட்டாரே! அந்தக் கங்காணியும் அவர்களோடு ஓடினார் என்பதுதான் வேடிக்கை.

பாலத்தில் மாப்பிள்ளை மட்டும் மிச்சம். பூசாரியோ நேரம் போகிறது என்று புலம்பினார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மாலையோடு எழுந்தேன்.

"பொண்ணு போகக் கூடாதுடி!" என்றார் அம்மா.

"அப்ப நீ போம்மா" என்றேன். அம்மா போகவில்லை.

நான் போனேன்.

"ஏங்க, எந்திரிங்க." அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"ஆடுதே!"

"கீழ பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

பார்த்தார். தலைப்பாகை ஒரு காதில் தொங்கியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கையை நீட்டினேன், இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கோயிலுக்குள் நுழைந்தபோது இன்னும் நல்ல நேரம் இருந்தது. ஓடியவர்களும் அசடு வழியத் திரும்பி வந்து சேர்ந்தார்கள். பூசாரி தாலியை நீட்டினார். மாப்பிள்ளை ஒரு கையை நீட்டினார்.

"ரெண்டு கையும் வேணும் மாப்பிள்ள" என்றார் பூசாரி.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவர் இன்னும் என் கையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.