பாவா ஆன்லைனில் இருக்கிறார்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். யாரையும் நம்பவைத்து எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எரிந்து விழுகிறவள் நான். திருத்தணியில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். புவனாவா, அவள் வாய்க்குப் பேயே ஓடிப்போய்விடும் என்பார்கள். அந்தப் புவனாவுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். நேரமெல்லாம் சரியாக இருக்கும். என் கம்ப்யூட்டரின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் பாவாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா கவிதாவின் வீட்டுக்காரர் நாகேந்திரன். எங்கள் பக்கம் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். ஆர்.கே.பேட்டையில் ஆறு விசைத்தறி வைத்திருந்தார். முப்பத்தாறு வயது. துப்பாக்கி விளையாட்டு என்றால் சின்னப் பையன்கள் மாதிரி உயிரை விடுவார்.

'லாஸ்ட் ஹில்' என்று ஒரு விளையாட்டு. வானத்திலிருந்து வேற்றுக்கிரகத்து ஜந்துக்கள் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஒரு மலை, மேலே ஒரு பாழடைந்த கட்டடம். மூன்று பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே உச்சிக்குப் போய், ஹெலிகாப்டரில் ஏறித் தப்பிக்க வேண்டும். திரையில் நம் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும், நாமே உள்ளே நடப்பதுபோல இருக்கும். நான் திருத்தணியில் என் வீட்டிலிருந்து, பாவா ஆர்.கே.பேட்டையிலிருந்து, இளம்பரிதி என்று ஒரு தம்பி அரக்கோணத்திலிருந்து. அவன் ரயில்வேயில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். மூன்று வருஷமாக இதே மூன்று பேர்தான்.

நான் ஒரு மருத்துவமனை பில்லிங் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஆறரைக்கு முடிந்துவிடும். பாவா தறியை ராத்திரி ஷிப்ட் ஆளிடம் விட்டுவிட்டுச் சரியாக 7.10க்கு வருவார். அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். அவர் மைக்கில் எப்போதும் பின்னால் தறி ஓடிக்கொண்டிருக்கும். தடக்... தடக்... தடக்... எட்டு மணிக்கு, "போயிட்டு வரேன் பாவா" என்பேன். "ஆங், வா" என்பார். தினமும் இதுதான்.

வைகாசி கடைசியில் சோளிங்கர் ரோட்டில், விளக்கில்லாமல் நின்றிருந்த லாரியில் அவருடைய பைக் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். கூடப் பிறந்த அண்ணன் இல்லாத எனக்கு அவர்தான் அண்ணன். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எனக்கு மூன்று நாள்தான் லீவு. அம்மாவை அக்காவுக்குத் துணையாக விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். இது எனக்கும் தெரியும். ஆனால் பாவாவின் அறையைத் தாண்டும்போது கதவு திறந்திருந்தது. மேசைமேல் அவருடைய கம்ப்யூட்டர். அந்த நாற்காலி. மூன்று வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வரேன் பாவா."

அங்கே உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் அப்படியே என்னைப் பார்த்தார்கள். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "அடிப்பாவி... இன்னாடி சொன்ன?" என்றாள். கையை உதறிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பத்தாம் நாள் சாயங்காலம். சும்மா விளையாட்டைத் திறந்து வைத்திருந்தேன். 7.10.

பாவா பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

எழுந்தே நின்றுவிட்டேன். பிறகு புரிந்தது. அக்காதான். கம்ப்யூட்டர் இருக்கிற அறையில்தான் அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடக்கிறாள் என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை, போனை எடுப்பதில்லை. பாவா விளையாடும்போது பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த நினைப்பில் தொட்டிருப்பாள், பாவம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்தச் சாக்கிலாவது அவளை எழுப்பி உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது என் பயமெல்லாம் ஒன்றுதான். அக்கா இப்படியே கிடந்து கிடந்து அவர் பின்னாலேயே போய்விடுவாளோ என்று.

"அக்கா, நீதானே?" என்றேன். மைக் மட்டும் திறந்திருந்தது. தடக்... தடக்... தடக்...

அன்றிலிருந்து தினமும் இரண்டு பேருமாக விளையாடினோம்; இளம்பரிதிக்கு அந்த வாரம் ராத்திரி வேலை, அவன் வரவில்லை. நான் வாய் ஓயாமல் பேசுவேன். சாப்பிட்டியா, தூங்குனியா, அம்மாவைத் திட்டாதே என்று. அவள் பேசவே மாட்டாள். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் துப்பாக்கியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு நுழைவாள். பாவாவின் பழக்கம் அது. பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. அந்த ஜந்துக்கள் அவளை ஒன்றும் செய்யவில்லை. என்னைப் பார்த்தால் பாய்ந்து வரும். அவளை உரசிக்கொண்டு போகும், திரும்பிக்கூடப் பார்க்காது. அங்கே யாருமே நிற்காத மாதிரி.

ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

ஹெலிகாப்டர் வந்தால் அவள் ஏற மாட்டாள். கீழே நின்று என்னையே அண்ணாந்து பார்ப்பாள். "ஏறு அக்கா, நேரமாவுது பாரு" என்று கத்துவேன். நிற்பாள். நான் மட்டும் போவேன். எட்டு மணிக்கு, "நாளைக்கு வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு மூடுவேன்.

பதிமூன்றாம் நாள் அம்மாவிடம் போனில் கேட்டேன். "தறியெல்லாம் மறுபடி ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்களாம்மா?"

"உனக்கு இன்னா பித்து கித்து புடிச்சிருச்சா? கருமாதி ஆவாம எவனாவது தறி ஓட்டுவானாடி?"

"எனக்குச் சத்தம் கேட்டுதும்மா."

"வூடே மயானமாட்டம் கெடக்குது. சத்தமாம் சத்தம். போன வைடி."

பக்கத்துத் தறியாக இருக்கும். ஆர்.கே.பேட்டையில் எந்தத் தெருவில்தான் தறி இல்லை? அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய்வந்தேன். கூட்டத்தில் அக்காவிடம் நாலு வார்த்தை பேச முடியவில்லை. பொட்டில்லாத அவள் முகத்தைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து 7.10க்கு உட்கார்ந்தேன். பச்சைப் புள்ளி எரிந்தது. முடிக்கும்போது சொன்னேன்.

"அக்கா, நாளைக்கு அம்மா உன்ன இங்க இட்டுகினு வந்துருவாங்க. இனிமே இங்கதான். நேர்லயே பேசிக்கலாம்."

தறிச் சத்தம் நின்றது.

ஏழு நாளில் முதல் தடவையாக நின்றது.

அந்த அமைதியில் யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக... பிறகு பச்சைப் புள்ளி அணைந்தது. 7.58.

மறுநாள் மத்தியானம் அக்காவை அம்மா அழைத்து வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். ஒரு வாய் காபி குடித்தாள், அவ்வளவுதான். சாயங்காலம் அம்மா அவளைச் சமையலறையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கக் கொடுத்தாள். நான் கூடத்தில் ஏதோ வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். விளையாட்டைத் திறக்கவே இல்லை. திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

டிங்.

திரையின் ஓரத்தில் அழைப்பு. நாகேந்திரன் உங்களை விளையாடக் கூப்பிடுகிறார்.

7.10.

நான் மெதுவாகத் திரும்பிச் சமையலறையைப் பார்த்தேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

டிங்.

பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. எவன் அது? செத்தவர் பெயரில் விளையாடுகிறவன் எவன்? பாவாவின் தம்பி பரந்தாமனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணன் ரூம்ல யார உட்டுகீறீங்க?"

"யாரையும் உடலியே. கருமாதி முடிஞ்சதுமே பூட்டிட்டோம். சாவி அண்ணிகிட்டதான் கீது."

"கம்ப்யூட்டர்?"

"எந்தக் கம்ப்யூட்டரு? அத பத்தாம் நாள் காலைலயே வயரெல்லாம் கழட்டி பெட்டில போட்டு கட்டிட்டேனே. இன்னா ஆச்சு?"

டிங்... டிங்... டிங்...

பத்தாம் நாள். நான் முதன்முதலில் பச்சைப் புள்ளியைப் பார்த்த நாள்.

ஹெட்போனை மாட்டினேன். அழைப்பை ஏற்றேன். 7.29.

மலை உச்சி. ஜந்துக்கள் எதுவுமே இல்லை. அவர் மட்டும் நின்றார். இரண்டு நிமிஷத்தில் இளம்பரிதியும் உள்ளே வந்தான். "புவனாக்கா, யாருக்கா நாகாண்ணன் ஐடில?" என்று கேட்டான்.

தடக்... தடக்... தடக்...

"கவிதா இருக்காளா?"

பாவா குரல். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி எறிய நினைத்தேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை அதை எடுத்தது. அக்கா. அம்மா மாவு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள், இவள் எப்போது எழுந்து வந்தாள் என்றே தெரியவில்லை. அதைக் காதில் வைத்தாள்.

அவள் முகம் மலர்ந்தது.

பதினேழு நாளில் முதல் சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"அவருதான்டி... இருமுறாரு பாரு... கூப்புடறாருடி."

"அக்கா, குடுத்துடு."

"தறிகிட்ட நிக்கிறாரு. தனியா நிக்கிறாராம்..."

"பேசாத. ஒண்ணும் சொல்லாத."

"ஏன்டி? தோ வர..."

அவள் முடிக்கவில்லை. நான் பாய்ந்து வாயைப் பொத்தினேன். கடித்தாள். ரத்தம் வந்தது. நான் விடவில்லை.

காலால் பிளக்கை இழுத்தேன். திரை அணைந்தது. ஹெட்போன் வயரையும் பிடுங்கி எறிந்தேன். 7.41. சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன்.

தரையில் கிடந்த ஹெட்போனில்...

தடக்... தடக்...

எந்த வயரும் இல்லை.

தடக்...

நான் அழுதேன். அவர் என் பாவா. என்னைக் காலேஜில் சேர்க்க அழைத்துப் போனவர். அவரிடம் போய் இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அழுதேன். என் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

"போறோம் பாவா. வர மாட்டோம். நீ போய்டு."

சத்தம் நின்றது.

அதன்பிறகு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். எட்டு மணிக்கு அம்மா தோசை சுட்டுக்கொண்டு வந்தபோது அப்படியே தூங்கிப் போயிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று அம்மா சைகை காட்டினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் அவளே எழுந்து, பசிக்கிறது என்றாள். அன்றிலிருந்து மாறிவிட்டாள். சாப்பிட்டாள், குளித்தாள், டிவி பார்த்தாள். எதிர்வீட்டு ஞானம்மாள் அக்காவோடு மார்க்கெட்டுக்குப் போய் பேரம் பேசிவிட்டு வந்தாள். நான் விளையாட்டை அடியோடு அழித்துவிட்டேன். தொலைந்தது சனி என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் ஸ்டேஷனில் இளம்பரிதியைப் பார்த்தேன். அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை, போட்டோவில்தான். அவனாக வந்து பேசினான்.

"நீங்க ஏன்கா விளையாட வர்றதே இல்ல? அன்னிக்குக் கடைசியா வந்தது."

"அன்னிக்கு கரண்டு போய்டுச்சு. அப்படியே விட்டுட்டேன்."

"எங்க போச்சு? உங்க பேரு எட்டு அஞ்சு வரைக்கும் பச்சையாதானே இருந்துச்சு. உங்க அக்கா பேசிக்கினு இருந்தாங்களே."

அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"யாரு?"

"கவிதா, கவிதான்னு அந்த ஆளு கூப்பிட்டாரே, அவங்கதான். நாகாண்ணன் தம்பியோ யாரோ, அவர் குரல் மாதிரியே இருந்துச்சு. குடும்ப விஷயம், நாம கேக்கக் கூடாதுன்னு நான்தான் வெளிய வந்துட்டேன்."

"இன்னா பேசினா?"

"அந்தக் குரலு, எப்போ வர்றன்னு கேட்டுகினே இருந்துச்சு. கிருத்திகை கழிச்சி வரேன்னாங்க. அது, ஆங், வான்னுச்சு. அவ்ளோதான்கா கேட்டேன்... ஏன்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

எட்டு ஐந்துக்கு அக்கா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய் என் கண்ணெதிரிலேயே மூடியிருந்தது.

ரயிலில் எப்படி வந்தேன் என்று தெரியாது. திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினால் ஆடிக் கிருத்திகைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஓடினேன். அக்கா உள்ளறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாள் கழித்து அம்மா முகத்தில் சந்தோஷம்.

"நம்ம கவிதா தெளிஞ்சிட்டாடி. கிருத்திகை கழிச்சி அவ வூட்டுக்குப் போறாளாம். யாரும் சொல்லலடி, அவளேதான் சொன்னா."