மின்விசிறிக்கு மூட்டிய தீ

கோவில்பட்டியில் மருத்துவர் கைவிரித்த பிறகு என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "காட்டு வீட்டுக்குப் போயிருவோம். கடைசி வரைக்கும் அங்கனயே இருந்துக்கிடுதேன்." எங்கள் கரிசல் புஞ்சைக்கு நடுவே, பருத்தி வெடிக்கும் காலத்தில் தங்குவதற்காகக் கட்டிய ஒற்றை அறை வீடு அது. மின்கம்பம் அந்த இடம் வரைக்கும் வரவில்லை. சோலார் போட்டிருந்தேன். பேட்டரியோடு சேர்த்து எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் விளங்கவே மாட்டான்.

சித்திரை வெயில். அவளுக்கு உடம்பெல்லாம் எரிச்சல். படுத்த இடம் வேர்வையில் நனைந்து கிடக்கும். நூல் மில்லில் ஃபிட்டராகவே காலம் தள்ளியவன் நான். பெண்டாட்டிக்கு ஒரு மின்விசிறியைச் சுற்ற வைக்க முடியாவிட்டால் இந்தக் கை எதற்கு? கனத்த இரும்புக் குழாயின் இரு பக்கமும் ஊர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்து அடைத்துக் கொதிகலன் ஆக்கினேன். பழைய மொபெட் இன்ஜினில் பெட்ரோலுக்குப் பதில் நீராவி போகும்படி வால்வை மாற்றினேன். அது ஓடினால் கார் டைனமோ சுற்றும். அதிலிருந்து வயர் இழுத்து அவள் தலைமாட்டில் ஒரு சின்ன மின்விசிறி.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கொதித்தால் குழாயை அடைத்துவிடும். அதனால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரையே ஊற்றினேன். பார்க்க வந்த மைத்துனன் கேலி பண்ணாமல் விடவில்லை. "அத்தான், இஞ்சினுக்குக் கேன் தண்ணியா? குடுத்து வச்ச இஞ்சின்தான்!" அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

முதலில் கருவேல விறகு வைத்தேன். அந்தத் தணல் சொன்ன பேச்சு கேட்கவில்லை. நீராவி மிஞ்சி, கொதிகலனில் வைத்திருந்த பாதுகாப்பு வால்வு கூவியதில் அவள் பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பருத்திமாருக்கு மாறினேன். பருத்தி எடுத்து முடித்துப் பிடுங்கிய காய்ந்த செடிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மார் கைக்கு அடங்கி எரியும். ஆனால் பொசுக்கென்று தீர்ந்துவிடும். திணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் காற்று பட்டதும் கண்ணை மூடி, "நல்லா இருக்கு" என்றாள். எனக்கு அது போதுமாயிருந்தது. புகையில் கண் எரிய, வீட்டுக்குப் பின்னால் அடுப்பே கதியென்று கிடந்தேன்.

ஒருநாள் தண்ணீர் தீர்ந்து இன்ஜின் நின்றது. கேன் எடுக்க உள்ளே போனேன். கரி அப்பிய என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நின்னாத்தான் உங்க முகத்தையே பாக்க முடியுது."

"ஏட்டி, வேர்த்து ஊத்துதே ஒனக்கு."

"ஊத்தட்டும். செத்த இங்கன உக்காருங்களேன்."

"ஒன் தம்பிகிட்ட பேட்டரி சொல்லியிருக்கேன். நாளைக்குக் கொண்டாந்துருவான். அதுல கரண்டைச் சேத்து வச்சிட்டா நான் அங்கன நிக்கவே வேண்டாம். ஒன் பக்கத்துலயே இருப்பேன்."

அவள் தலையாட்டினாள். நான் கேனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் மத்தியானம் மைத்துனன் பேட்டரியோடு வந்தான். அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனான். நான் மார் திணித்துக்கொண்டிருந்தேன். போனவன் ஓடி வந்து என் தோளைப் பிடித்தான்.

"அத்தான், இஞ்சினை நிறுத்துங்க."

நிறுத்தத் தோன்றவில்லை. அப்படியே உள்ளே ஓடினேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் நெற்றி முடி காற்றில் அசைந்தது. முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. எப்போது போனாள் என்று தெரியாது. என்னைக் கூப்பிட்டிருப்பாள். இன்ஜின் போட்ட சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது.