வான் பார்க்கப் போன நாள்

குளம் நிரம்பி மிகுந்த நீர் கட்டைத் தாண்டி விழுவதை நாங்கள் வான் பாய்கிறது என்போம். வான் பாய்ந்தால் போதும், சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு சனம் பார்க்கக் கிளம்பிவிடும். கல்குடாவிலிருந்து என் மச்சாளும் பிள்ளைகளோடு வேன் பிடித்து வந்துவிட்டாள். அவள் என் புருஷனின் தங்கச்சி, மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. நெல் பழுத்து, வெட்டு மெசினுக்கும் சொல்லிவைத்திருந்த நேரத்தில் காலம் தப்பின மழை கொட்டித் தீர்த்திருந்தது.

மலையடிவாரத்தில் மூன்று குளங்கள், ராசா காலத்தவை. மேற்குளம் வழிந்தால் நடுக்குளத்துக்கு, அது வழிந்தால் கீழ்க்குளத்துக்கு. கீழ்க்குளத்து வாய்க்காலோரம் எங்கள் வயல்.

மேற்குளத்தில் பிள்ளைகள் கும்மாளம் போட்டார்கள்.

"என்னகா, மூஞ்சிய நீட்டிக்கொண்டு நிக்கிறாய்? இறங்கிக் குளியன்!" என்றாள் மச்சாள்.

இந்தத் தண்ணீரெல்லாம் என் நெல்லைத் தேடித்தான் போகிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்ல? நடுக்குளமும் பாய்ந்துகொண்டிருந்தது. என் புருஷன் வேனை அங்கே நிறுத்தாமல் கீழ்க்குளத்துக்கு விடச் சொன்னார். எங்கள் வட்டையின் வயல்காரர் எல்லாரும் சேர்ந்து தண்ணீர்க் காரியம் பார்க்கத் தெரிந்தெடுத்த வட்டவிதானை அவர். குளத்துக் கதவு திறக்குமுன் அவரையும் கேட்பார்கள்.

கீழ்க்குளக் கட்டில் நீர்ப்பாசன உத்தியோகத்தர் எங்களைப் பார்த்து ஓடி வந்தார்.

"கட்டு ஊறிப்போச்சு, விதானையார். கதவத் திறந்தா உங்கட பக்கத்து வயல் தாழும். திறக்காட்டி, கட்டு உடைஞ்சு ஊருக்குள்ள போயிரும். என்ன சொல்றீங்க?"

"விடியுமட்டும் பொறுங்களன், தண்ணி வடிஞ்சிரும்," என்று நான் குறுக்கே விழுந்தேன். என் புருஷனின் சட்டையையும் பிடித்துக்கொண்டேன். கடவுளே, ஒரு போக உழைப்பல்லவா!

என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"வாய்க்கால் பக்கம் ஆக்கள், மாடு ஒண்டும் இல்லதானே?"

"எல்லாரையும் ஏத்தியாச்சு."

"அப்ப திறங்க."

கதவுகள் உயர்ந்தன. தண்ணீர் வெள்ளையாகச் சீறிப் பாய்ந்தது. மச்சாள் போனை நீட்டிப் படம் பிடித்தாள், பிள்ளைகள் துள்ளித் துள்ளிக் கைதட்டினார்கள்.

"தட்டின கைய முறிச்சுப் போடுவன்!" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் பயந்து ஒதுங்கினார்கள்.

"ஏசாத. தட்டட்டும்," என்றார் அவர். "பார்க்க வடிவாத்தானே இருக்கு."

சொல்லும்போது எங்கள் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.