தங்கச்சி இழுத்த கை

பாலர் பாடசாலையில் தண்ணீர் மோட்டர் இரைந்தது. சத்தம் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கும் நான்கு வயது மாணவி, இன்று கடிக்காமல், நான் பழக்கியபடி என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"ஓம் மகள், வெளிய போவம்."

எங்கள் சின்ன வயதில், மருதமுனையில் வீட்டுத் தறி தடதடக்கத் தொடங்கினால், பேச்சு வராத என் தங்கச்சி உம்மாவைக் கடிப்பாள்.

"ஜின்னு புடிச்சிருக்கு. பள்ளிவாசல் லெவ்வைக்கிட்டத் தண்ணி ஓதி எடுத்து வா புள்ள," என்பார் வாப்பா என்னிடம்.

கடிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அவள் என் கையை வாசலுக்கு இழுத்திருக்கிறாள். "சும்மா இருடி, ஜின்னுக்குட்டி!" என்று கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது நான்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் அவளிடம் கையை நீட்டினேன். பதினெட்டு வயதுத் தங்கச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவள் இப்போது யாரையும் கடிப்பதில்லை; யார் கையையும் பிடிப்பதுமில்லை.